அறுபது மரம் இருந்தும் "ரெப்ளிகேஷன் இல்லை" என்று திருப்பி அனுப்பியது ஏன்?

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னை வேர்வாடல் நோயில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. நுண்ணுயிர்க் கலவை ஒன்றைக் கொழிஞ்சாம்பாறைத் தோப்பில் 30 மரங்களுக்குக் கொடுத்திருக்கிறார். எல்லைக்கு இந்தப் பக்கம் ஆனைமலைத் தோப்பில் 30 மரங்களை ஒன்றும் கொடுக்காமல் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கிறார். ஒன்பது மாதத்தில் காய் 22 சதவீதம் கூடியதாகக் கணக்கு. நல்ல ஆய்விதழ் ஒன்று "ரெப்ளிகேஷன் இல்லை", அதாவது ஒரே சோதனையைத் தனித்தனி அலகுகளில் திரும்பச் செய்யும் மறுபதிவு இல்லை என்று திருப்பிவிட்டது. இப்போது வழிகாட்டி, ஏழு நாளில் ஏற்புக் கடிதம் தரும் இதழ் ஒன்றுக்கு 3,000 ரூபாய் கட்டி அனுப்பச் சொல்கிறார். கூடவே துறைத் தலைவர் பெயரையும், கலவையை இலவசமாகக் கொடுத்த உரக்கடைக்காரர் பெயரையும் சேர்க்க வேண்டுமாம். ஒரே தரவை மூன்று கட்டுரையாகப் பிரிக்கவும் வேண்டுமாம். இதில் எது சரி, எது தவறு என்பது கேள்வி.

முதலில் ஆய்வைப் பார்ப்போம். இதழைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். வெளியீட்டு நெறி என்றதும் எல்லோரும் கருத்துத் திருட்டையும் போலி இதழையும் பற்றித்தான் பேசுகிறார்கள். வேளாண் ஆய்வில் பெரும்பாலான பிழை தோப்பிலேயே, மரத்துக்கு எண் போடும் நாளிலேயே நுழைந்துவிடுகிறது. மதிப்பாய்வாளர் தோப்புக்கு வருவதில்லை. நீங்கள் எழுதியது மட்டுமே அவர் கண்ணுக்குத் தெரியும். எழுதியதை வைத்தே உங்கள் ஆய்வின் ஓட்டையை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்றால் அவர் ஒழுங்காகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

60 மரம் இருக்கிறதே என்கிறீர்கள். கலவை கொடுத்த மரம் எல்லாம் ஒரு தோப்பில், கொடுக்காத மரம் எல்லாம் இன்னொரு தோப்பில். இரண்டு தோப்புக்கும் உள்ள எல்லா வேறுபாடும் கலவையின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் கரிசல் மண் உண்டு. ஆனைமலைத் தோப்பு எந்த மண்ணில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. பாசன முறை வேறாக இருக்கலாம், மரத்தின் வயது வேறாக இருக்கலாம். புள்ளியியல் கண்ணில் உங்களிடம் இருப்பது இரண்டே இரண்டு அலகு, தோப்புக்கு ஒன்று. 30 மரத்தை அளந்தது ஒரே தோப்பை 30 முறை அளந்தது போலத்தான். இதற்குப் போலி மறுபதிவு என்று பெயர். 1984-இல் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் இதை விரித்து எழுதினார். அன்றிலிருந்து மதிப்பாய்வாளர்கள் முதலில் தேடுவதே இதைத்தான்.

எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சித்தூர் வட்டாரத்தில் கள் இறக்குகிறார்கள். தமிழ்நாட்டில் அதற்குத் தடை. கள்ளுக்குச் சீவிய பாளையில் காய் கிடையாது. ஒரு மரத்தில் சில மாதம் கள் இறக்கி, பிறகு காய்க்கு விட்டிருந்தால் அந்த மரத்தின் காய்க்கணக்கு முன்னும் பின்னும் ஏறி இறங்கும். கட்டுரையில் "சீவாத மரங்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டன" என்றோ, எந்த மரத்தில் எந்த மாதம் சீவல் நின்றது என்றோ ஒரு வரி இல்லாவிட்டால், பாலக்காட்டுப் பக்கம் தெரிந்த மதிப்பாய்வாளர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

அடுத்தது அந்த 22 சதவீதம். இதை மட்டும் தயவுசெய்து எந்த இதழுக்கும் அனுப்பாதீர்கள். பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய 12 மாதம் ஆகும். பாளையின் கரு உருவாவதோ வெடிப்பதற்கு இரண்டரை ஆண்டுக்கும் முன்னால். ஆக, கலவை கொடுத்த பின் ஒன்பது மாதத்தில் நீங்கள் வெட்டிய காய் எல்லாமே, கலவை கொடுப்பதற்கு முன்பே வெடித்த பாளையில் வந்தவை. குரும்பை உதிர்வு பெரும்பாலும் பாளை வெடித்த முதல் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடுவதால், அதைக் காரணம் காட்டவும் இடம் குறைவு. காயின் எடை, கொப்பரைத் தடிமன் கூடியது என்றால் நம்பலாம். காய் எண்ணிக்கை 22 சதவீதம் கூடியது என்றால், அது தோப்புக்குத் தோப்பு உள்ள வேறுபாடு அல்லது ஆண்டுக்கு ஆண்டு உள்ள ஏற்ற இறக்கம். தென்னையில் உரம், கலவை எதுவானாலும் முன் இரண்டு ஆண்டின் வெட்டுக் கணக்கும், கொடுத்த பின் மூன்று ஆண்டின் கணக்கும் இல்லாமல் விளைச்சலைப் பற்றி உறுதியாகப் பேச முடியாது.

நோய்க் குறியீட்டிலும் இதே போன்ற வழுக்கல் உண்டு. வேர்வாடலுக்கு வழக்கமாகப் பயன்படுவது 1973-இல் ஜார்ஜும் ராதாவும் வகுத்த முறை. ஒவ்வொரு மட்டைக்கும் தொய்வுக்கு 0 முதல் 5, மஞ்சளுக்கு 0 முதல் 3, கருகலுக்கு 0 முதல் 2 என மதிப்பெண். மூன்றையும் கூட்டி, பார்த்த எல்லா மட்டைக்கும் சேர்த்து, மட்டை எண்ணிக்கையால் வகுத்து, 10-ஆல் பெருக்கினால் 100-க்கு இத்தனை என்று வரும். 8 மட்டையில் மொத்தம் 32 வந்தால் குறியீடு 40. கணக்கு எளிது, கண்தான் ஏமாற்றும். சிற்றிலை உள்பக்கமாக வளைந்து விலா எலும்பு போலத் தெரிவதுதான் தொய்வு. கோடை உச்சத்தில் தண்ணீர் இல்லாத மரமும் ஏறக்குறைய அப்படித்தான் தொங்கும். மஞ்சள் சத்துக் குறைவாலும் வரும். எனவே முன்னும் பின்னும் ஒரே பருவத்தில் பார்க்க வேண்டும். பார்ப்பவருக்கு எந்த மரத்துக்கு என்ன கொடுத்தது என்று தெரியக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாக 20 மரம் பார்த்து மதிப்பெண் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டினால் கட்டுரைக்குப் பலம்.

மிகவும் நோயுற்ற மரங்களாகப் பார்த்துக் கலவை கொடுத்திருந்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. மிக மோசமாகத் தெரிந்த மரம், ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை பார்க்கும்போது கொஞ்சம் தேறியது போலத் தெரியும். அளவீட்டில் இயல்பாக வரும் சாய்வு அது. "கலவையால் நோய் குறைந்தது" என்று வரும் அறிக்கைகளைப் படிக்கும்போது மரத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பத்தியை முதலில் பாருங்கள்.

நோய் உறுதிப்படுத்திய விதத்தையும் கேட்பார்கள். வேர்வாடலுக்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவர் இல்லாத பாக்டீரியா. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புகின்றன. 1882 வெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட நோய் இது. மரத்தை உடனே கொல்லாது; ஆண்டுக்கணக்கில் மெலிய வைக்கும். தென்னைத் திசுவில் பைட்டோபிளாஸ்மா குறைவாகவும் சீரில்லாமலும் இருப்பதால் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையை இரண்டு சுற்றுச் செய்கிறார்கள். இரண்டு சுற்று என்றால் மாசு கலக்க வாய்ப்பும் கூடுதல். வெறும் தண்ணீர் வைத்த கட்டுப்பாடு, நோயற்ற மரத்தின் மாதிரி, உறுதியான நோய் மாதிரி மூன்றும், முடிவைப் பட்டைகளாகக் காட்டும் ஒரே ஜெல்லில் தெரிய வேண்டும். இரண்டு ஜெல்லை வெட்டி ஒட்டினால் கோடு போட்டுக் காட்டி, படவிளக்கத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒட்டியது தெரிந்தால் பட மோசடி என்று கட்டுரையைத் திரும்பப் பெறும் நிலை வரும். மூலப் படத்தை, ஒளி அளவுகூட மாற்றாமல், தனியாக வைத்திருங்கள்.

இப்போது இதழுக்கு வருகிறேன். ஒழுங்கான இதழில் கட்டுரை போனதும் அலுவலகத்தில் வடிவமும், பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற ஒற்றுமை அளவும் பார்ப்பார்கள். பிறகு பதிப்பாசிரியர் படித்து, பொருந்தாவிட்டால் அவரே திருப்பிவிடுவார். இது இரண்டே நாளிலும் நடக்கும். பொருந்தினால் இரண்டு மூன்று பேரை மதிப்பாய்வுக்கு அழைப்பார். அழைத்தவர்களில் பாதிப்பேர் மறுப்பது சகஜம். ஒத்துக்கொண்டவருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் கொடுப்பார்கள். திருத்தம், மறுபடியும் வாசிப்பு என்று மூன்று முதல் ஆறு மாதம் ஓடிவிடும். நிராகரிப்பு ஏழு நாளில் வரலாம், ஏற்பு வராது. பணம் வாங்கும் இதழ் எல்லாம் போலி என்றும் எண்ண வேண்டாம். எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ்கள் பலவும் கட்டுரை எழுதியவரிடம் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் ஏற்பு முடிவான பின்புதான் கேட்கும், கட்டணத்தை முன்கூட்டியே தளத்தில் போட்டிருக்கும். ஏற்பையே விலைக்கு விற்கும் இடத்தில் உங்கள் கட்டுரையை ஒருவரும் படிக்கவில்லை என்பதுதான் உண்மை. 2013-இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் போஹானன் வேண்டுமென்றே குறை வைத்த கட்டுரையைத் திறந்த அணுகல் இதழ்கள் 304-க்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன. பெரிய பதிப்பகம் என்பதும் காப்பாற்றாது. வைலி வாங்கிய ஹிண்டாவி இதழ்களில் 2023-இல் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சிறப்பிதழ்களில் மதிப்பாய்வே ஏய்க்கப்பட்டிருந்தது.

இதழைச் சோதிக்க ஒரு மணி நேரம் போதும். மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாதீர்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே நகலெடுத்த தளங்கள் இருக்கின்றன. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலிலோ தேசிய வேளாண் அறிவியல் அகாடமியின் (நாஸ்) பட்டியலிலோ பெயரைத் தேடி, அங்கிருந்து தளத்துக்குப் போங்கள். ஸ்கோபஸில் பெயர் இருந்தால் போதாது, எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நிறுத்தப்பட்ட இதழின் பழைய பெயர் அங்கேயே கிடக்கும். நாஸ் மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, கிளாரிவேட் நிறுவனம் மேற்கோள் எண்ணிக்கையை வைத்துத் தரும் இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாத இதழுக்கு 6-க்கு மேல் வராது. அது இல்லாத இதழ் 7.2 என்று அட்டையில் போட்டால் அது பொய். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) கேர் இதழ்ப் பட்டியலில் இருப்பதாக இன்னும் விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. அந்தப் பட்டியலே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ்ப் பதிவு எண் வண்டி நம்பர் மாதிரி, ஓட்டுநர் யோக்கியதையை அது சொல்லாது. கடைசி இதழில் மூன்று கட்டுரையைத் திறந்து, பெற்ற தேதியையும் ஏற்ற தேதியையும் பாருங்கள். தென்னைக்கு அடுத்த பக்கத்தில் பல் மருத்துவமும் வங்கிக் கடனும் இருந்தால் மூடிவிடுங்கள்.

ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இன்றே எழுத்தில் "கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், வெளியிட அனுமதியில்லை" என்று எல்லா ஆசிரியர்களுக்கும் நகலோடு அனுப்புங்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். திரும்பப் பெறக் கட்டணம் கேட்டு மிரட்டினாலும் கட்ட வேண்டாம். அதையும் மீறி வெளியிட்டுவிட்டால், அடுத்த இதழுக்கு அனுப்பும்போது கடிதப் போக்குவரத்தோடு பதிப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மறைத்தால் அது இரட்டை வெளியீடு ஆகும்.

பெயர் சேர்ப்பது பற்றி. மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்கள் வகுத்த நான்கு நிபந்தனைகளை வேளாண் இதழ்கள் பலவும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆய்வை வடிவமைத்ததிலோ தரவு எடுத்ததிலோ அலசியதிலோ கணிசமான பங்கு. எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். துறைத் தலைவர் ஆய்வகம் ஒதுக்கிக் கொடுத்தார் என்றால் நன்றியுரையில் எழுதுங்கள், மனதார எழுதுங்கள். உரக்கடைக்காரர் பெயர் ஆசிரியர் வரிசையில் வரக் கூடாது. ஆனால் அவரை மறைக்கவும் கூடாது. "ஆய்வில் பயன்பட்ட கலவையை அதை விற்பனை செய்பவர் இலவசமாக வழங்கினார், ஆய்வு வடிவமைப்பிலும் தரவு அலசலிலும் அவருக்குப் பங்கில்லை" என்று நலன் முரண் அறிவிப்பில் போடுங்கள், அது உண்மையாக இருந்தால். காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் தெளித்த எண்டோசல்பான் பூச்சிக்கொல்லி விவகாரத்தில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறியபோது மக்கள் கேட்டதே யார் பணத்தில் செய்தது, மாதிரியை யார் எடுத்தது என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் கட்டுரையிலேயே இருக்க வேண்டும்.

தோப்புக்காரரை மறந்துவிடுகிறோம். வெட்டுக் கணக்கு நோட்டைத் தந்தவர் அவர். பெயரைப் போடலாமா, தோப்பின் படத்தையும் இருப்பிடத்தையும் வெளியிடலாமா என்று அவர் படிக்கும் மொழியில், தமிழிலோ மலையாளத்திலோ, எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். "வேர்வாடல் உள்ள தோப்பு" என்று ஊரோடு அச்சில் வந்தால் அவர் நாற்றுக்கோ தோப்புக்கோ விலை இறங்கும். கலவையின் செய்முறையே அவருடைய வீட்டு அறிவு என்றால் விஷயம் இன்னும் பெரிது. அகத்தியமலைக் காணிப் பழங்குடி மக்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து திருவனந்தபுரம் பாலோட்டுத் தாவரவியல் தோட்ட நிறுவனம் ஜீவனி மருந்தை உருவாக்கியபோது, உரிமக் கட்டணத்திலும் விற்பனையில் வரும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அதற்கென அறக்கட்டளையும் அமைந்தது. அது நடந்தது நம் மலையில்தான். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் வந்துவிட்ட பிறகு, விவசாயி சொன்னதைப் பெயரில்லாமல் எடுத்துக்கொள்வதற்குச் சாக்கே கிடையாது.

ஒரே தரவை மூன்றாகப் பிரிப்பது: மண் நுண்ணுயிர்க் கேள்வி உண்மையிலேயே தனிக் கேள்வியானால் தனிக் கட்டுரை எழுதலாம், ஆனால் அதே மரங்கள் என்பதை இரண்டிலும் சொல்லி ஒன்றையொன்று குறிப்பிட வேண்டும். நோய்க் குறியீட்டையும் காயையும் பிரிப்பதற்குக் காரணமே இல்லை. படிப்பவர் மூன்று தனி ஆய்வு ஒரே முடிவைச் சொன்னதாக எண்ணிவிடுவார். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பவே கூடாது. ஒற்றுமை அளவைப் பற்றி: யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-லிருந்து 40, 40-லிருந்து 60, அதற்கு மேல் என்று படிப்படியாகக் கூடும். ஆய்வேட்டில் 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சதவீதம் குறைந்தால் போதும் என்று சொற்களைப் புரட்டிப் போடும் பழக்கத்தால் பயனில்லை. அடுத்தவர் எண்ணை உங்கள் அட்டவணையில் வைத்தால் மென்பொருள் 2 சதவீதம்கூடக் காட்டாது. அது திருட்டுதான்.

வழிகாட்டியிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் உண்மையில் கடினம், அதை லேசாகச் சொல்ல மாட்டேன். குற்றச்சாட்டோடு போகாமல் மாற்றுத் திட்டத்தோடு போங்கள். கட்டாயக் கட்டுரைதான் அவசரம் என்றால், யு.ஜி.சி.யின் 2022 விதிகள் முனைவர் பட்டத்துக்கு இதழ்க் கட்டுரையைக் கட்டாயமாக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதித்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதற்கும் வழியில்லாமல் போனால், 2018 விதிகளின்படி துறை அளவிலும் நிறுவன அளவிலும் கல்வி நேர்மைக் குழு இருக்க வேண்டும். அங்கே போவது கடைசிப் படி. போவதற்கு முன் தேதியிட்ட நோட்டும் மின்னஞ்சல்களும் கையில் இருக்கட்டும்.

மாற்றுத் திட்டம் இப்படி இருக்கலாம். கொழிஞ்சாம்பாறைத் தோப்பிலேயே, அண்மையில் சீவாத, ஏறக்குறைய ஒரே வயதுள்ள 60 மரம் புதிதாக எடுங்கள். கலவை வாங்கிய மரங்கள் வேண்டாம். முதலில் நோய்க் குறியீடு பார்த்து, ஏறுவரிசையில் அடுக்கி, 12 மரம் கொண்ட ஐந்து தொகுதியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு நடத்துமுறை (மரத்துக்கு என்ன கொடுப்பது என்பது), ஒவ்வொன்றுக்கும் மூன்று மரம், சீட்டுக் குலுக்கி: ஒன்று, ஒன்றும் கொடுக்காதது; இரண்டு, பரிந்துரைத்த உரம் மட்டும் (மரத்துக்கு ஆண்டுக்குத் தழை 560, மணி 320, சாம்பல் 1,200 கிராம்); மூன்று, உரத்தோடு கலவை; நான்கு, உரத்தோடு, 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில் வைத்து உயிர் நீக்கிய அதே கலவை. கடைசியது இல்லாவிட்டால் வேலை செய்தது நுண்ணுயிரா, அதில் கலந்திருக்கும் சத்தா என்று தெரியாது. நான்கு நடத்துமுறை, ஐந்து தொகுதி என்றால் பிழையை மதிப்பிட மிஞ்சும் தனித் தகவல்களின் எண்ணிக்கை, அதாவது சுதந்திரப் பாகை, 12 வரும். ஏற்கத்தக்க குறைந்தபட்சம் அதுதான். மூன்று மரத்தின் சராசரியை ஓர் எண்ணாக எடுத்து அலசுங்கள், 60 எண்ணாக அல்ல. ஆனைமலையில் இதே அமைப்பை முழுதாகத் திரும்பச் செய்தால் இரண்டு இடத்து ஆய்வு ஆகிவிடும்.

பழைய தரவையும் தூக்கிப்போட வேண்டாம். ஆய்வேட்டில் முன்னோட்டக் கவனிப்பு என்று, ஒப்பீட்டுத் தோப்பு வேறு இடம் என்பதையும் சொல்லி, சதவீத உயர்வு என்ற சொல் இல்லாமல் வையுங்கள். மதிப்பாய்வாளருக்கு எழுதும் பதிலில் அவர் சொன்ன வரியை அப்படியே எடுத்து எழுதி, அடியில் "சரி, நடத்துமுறையும் இடமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, புதிய அமைப்பு இது" என்று பக்க எண்ணோடு சொல்லுங்கள். தன் கட்டுரைகள் ஐந்தாறை மேற்கோள் காட்டச் சொல்லி மதிப்பாய்வாளர் வற்புறுத்தினால், பொருந்துவதை மட்டும் சேர்த்து, மற்றதைப் பதிப்பாசிரியருக்குத் தெரிவியுங்கள். வழிகாட்டி தனக்கு வந்த மதிப்பாய்வை உங்களைப் பார்க்கச் சொன்னால், உங்கள் பெயரும் பதிப்பாசிரியருக்குப் போகட்டும். அந்தக் கையெழுத்துப்படியை எந்தச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிலும் ஏற்றாதீர்கள், அது இன்னொருவர் நம்பி ஒப்படைத்தது.

தென்மேற்குப் பருவம் இறங்குவதற்குள் முதல் குறியீட்டை எடுத்துவிடுங்கள். மரத்தண்டில் மார்பளவு உயரத்தில் பெயிண்டில் எண் எழுதி, அதே எண்ணைத் தோப்பு வரைபடத்திலும் நோட்டிலும் பதியுங்கள். வெட்டு நடக்கும் ஒவ்வொரு 45 நாளுக்கும் மரவாரியாகக் காயை எண்ணி, எண்ணியவர் கையெழுத்தோடு தேதி போடுங்கள். எந்த மரத்திலாவது இடையில் சீவத் தொடங்கினால், அந்த மரத்தை நீக்காமல், சீவத் தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள்.